காற்றை அளந்த பீரியட்

ஆனி பிறந்துவிட்டால்
ஜன்னல் கதவுக்கு அரைச்செங்கல் முட்டுக்கொடுத்து,
வருகைப் பதிவேட்டின்மேல் ஒரு எடைக்கல்லும் வைத்துத்தான்
இரண்டாம் வகுப்பைத் தொடங்க முடியும்.
பணகுடிக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவே
பதினேழு பிள்ளைகள், இரண்டு டீச்சர்,
ஒரு வேம்பு.
அதுவும் கிழக்கே சாய்ந்தே வளர்ந்தது.

அன்றைக்குப் பாடம் அளத்தல்.
கரும்பலகையைச் சாணால் அளந்தாயிற்று.
வராந்தாவைக் காலடியால் அளந்ததில்
முப்பிடாதிக்கு இருபத்தாறு, ஆசிராவுக்கு முப்பத்தொன்று,
எது சரி என்ற சண்டையும் முடிந்தது.
அடுத்தது வாளித் தண்ணீர்.
ராத்திரி உட்கார்ந்து வரைந்த சார்ட்
அந்நேரம் பார்த்து ஆணியைப் பிய்த்துக்கொண்டு
வாசல் வழியே போனது.

"காத்த அளப்போம் டீச்சர்" என்றான் இசக்கித்துரை.

ஆசிரியர் கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.
சரி, வெளிய வாங்க என்றேன்.

மைதானத்தின் குறுக்கே இறக்கையின் நிழல்
மூச்சுக்கு ஒருதரம் வந்து போகும்.
பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிக்காமல் நடப்பதில்லை.
நானும்தான், யாரும் பார்க்காதபோது.

ஓலைக் காற்றாடியை உடைமுள்ளில் குத்தி
சுற்றைச் சத்தமாக எண்ணினார்கள்.
ஐம்பதுக்கு மேல் வாய் ஓடவில்லை;
திரும்ப முப்பதிலிருந்து எண்ணிக்கொண்டார்கள்.
செல்லத்தாயக்காவின் முறத்தை வாங்கி
நெஞ்சோடு பிடித்து நின்ற ஆசிராவை
அது நாலு தப்படி பின்னால் தள்ளியது.
மண்ணள்ளி வீசிப் பார்த்த ஜெபஸ்டின்
அழுதுகொண்டே அளவு சொன்னான்:
"ரெண்டு கண்ணு நெறைய."
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

பெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியும் இருப்பாள். அவள் சொன்னால் கேட்காது.
வாசிக்கச் சொல்லிவிட்டு
உதட்டைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவேன்.
சத்தமா, சத்தமா என்று போன வருஷம் முழுக்க நான் கத்தியதில்
கட்டியது என் தொண்டைதான்.

அவள் முப்பிடாதியை இழுத்துப் போய்
அடிபம்பு பக்கத்தில் நிறுத்தினாள்.
கேட் வரைக்கும் ஓடினாள்.
அங்கிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள்:
வாய் அசைந்தது, அவ்வளவுதான்.
ஒரு தப்படி முன்னால் வந்து கூப்பிட்டாள்.
இன்னொரு தப்படி.
நிழல் அவள்மேல் ஏறி இறங்கியது,
குதிக்க மறந்திருந்தாள்.

"கேட்டுட்டு!" என்றாள் முப்பிடாதி.

இருவருக்கும் நடுவே ஒன்பது தப்படி.
இன்றைய காற்று ஒன்பது என்று
பெனிட்டா விரலால் காட்டினாள்.

அப்புறம் யாரைப் பிடிக்க முடியும்?
ரெண்டு வயல் தாண்டிப் போன ஆட்டைத்
தொண்டையாலேயே திருப்புகிற இசக்கித்துரைக்குப்
பதினொன்று.
ஆசிராவுக்குப் பத்து.
எனக்கும் பத்துதான், பத்து வருஷ சர்வீஸில்.
அந்த அரைமணி நேரம்
நாங்கள் எல்லோருமே பெனிட்டா குரலில் பேசினோம்.
பேசுகிறவர் வாயைப் பார்த்தோம்.
கேட்காவிட்டால் கிட்டே போனோம்.

சார்ட் உடைமரத்தில் கிடைத்தது,
வாளி ஒருபக்கம், தண்ணீர் ஒருபக்கமாய்.

புரட்டாசியில் காற்று விழுந்த பிறகு
இன்னொருமுறை அளந்தோம்.
இசக்கித்துரை போட்ட சத்தத்தில்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்குடித்தவர்
'என்னலே' என்று திரும்பினார்.
பெனிட்டாவுக்குப் பதினொன்று.
ரெண்டு கூடியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.

என் மேசையிலிருந்து அவள் பாய்
அவள் காலால் பதினாறு.
மீதி ஐந்து.

என் காலுக்கு அது மூன்றே தப்படி.